பையன் முழங்கை வலிக்குதுங்கிறான், கோச் அதெல்லாம் சகஜம்ங்கிறார்

கேள்வி:

வணக்கம். நாங்க டெக்ஸாஸ்ல டல்லாஸ் பக்கத்துல இருக்கோம். பையனுக்கு 13 வயசு, பேஸ்பால்ல பிட்ச்சர், அதாவது பேட் பண்றவனுக்கு பந்து எறியறவன். சனி ஞாயிறு டிராவல் டீம் டோர்னமென்ட், வாரநாள்ல ரெக் லீக்னு உள்ளூர் மேட்ச், பிட்ச் பண்ணாத நேரத்துல கேட்ச்சரா (விக்கெட் கீப்பர் மாதிரி) நிக்கிறான். ரெண்டு மாசமா மேட்ச் முடிஞ்ச மறுநாள் முழங்கையோட உள்பக்கம் வலிக்குதுங்கிறான். கோச் "சோர்னெஸ் சகஜம், ஐஸ் வைங்க"ங்கிறார். இப்ப வெயிட் பால்னு கனமான பந்து வச்சு ஸ்பீடு ஏத்துற ஆறு வார ப்ரோக்ராம்ல சேக்கச் சொல்றாங்க. கர்வ்பால் (சுழற்றி வளைய விடுற பந்து) போடுறதால தான் வலின்னு டீம்ல இன்னொரு அப்பா சொல்றார். என் வீட்டுக்காரர் திருச்சியில டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடினவர், "நாங்க நாள் முழுக்க பௌலிங் போட்டோம், ஒரு வலியும் வந்ததில்ல"ன்னு சொல்றார். பையனோ வலின்னு சொன்னா பெஞ்சுல உக்கார வச்சிடுவாங்கன்னு அழறான். கையும் கெடக்கூடாது, ஸ்பீடும் ஏறணும். ரிசர்ச் எல்லாம் என்ன சொல்லுது? பேட்டிங்கும் கொஞ்சம் டல்லா இருக்கு, அதுக்கும் ஏதாவது இருந்தா சொல்லுங்க.

பதில்:

வணக்கம்மா. ரிசர்ச்சுக்கு அப்புறம் வரேன், முதல்ல இந்த வாரத்துக்கு என்ன செய்யணும்னு சொல்லிடுறேன். தம்பி இப்போதைக்கு பந்தை எறியவே கூடாது. பிட்ச்சிங் மட்டும் இல்ல, கேட்ச்சரா நின்னு பந்தை திருப்பி எறியறது, ஷார்ட்ஸ்டாப்ல நின்னு ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறியறது, வீட்டு பின்பக்கம் அப்பாவோட கேட்ச் ஆடுறது எதுவுமே வேண்டாம். விளையாட்டு காயம் பாக்குற ஆர்த்தோ டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க, முடிஞ்சா பசங்களைப் பாக்குறவரா இருக்கட்டும். ரெண்டு மாசமா ஒரே இடத்துல, ஒவ்வொரு மேட்ச்சுக்கும் அப்புறம் வர்ற வலிக்கு பேரு சோர்னெஸ் இல்லம்மா. சோர்னெஸ்னா சதையில பரவலா இருக்கும், ஒரு நாள் ரெண்டு நாள்ல போயிடும். விரலை வச்சு "இங்க தான்"னு பையனால காட்ட முடியுற வலி வேற.

வீட்டுலயே ஒண்ணு பாருங்க. முழங்கையை மடக்கி வச்சா உள்பக்கம் ஒரு எலும்பு முட்டு துருத்திக்கிட்டு இருக்கும், அதை கட்டை விரலால மெதுவா அழுத்துங்க. அப்புறம் இன்னொரு கையிலயும் அதே இடத்துல அதே மாதிரி அழுத்துங்க. பிட்ச் பண்ற கையில மட்டும் முகத்தை சுளிச்சான்னா டாக்டர்கிட்ட அதையே சொல்லுங்க. ரெண்டு கையையும் முழுசா நீட்டச் சொல்லிப் பாருங்க, ஒண்ணு நீளாம நின்னாலோ, மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப் போனாலோ, எறியும்போது "டப்"னு ஒரு சத்தம் கேட்டுச்சுன்னு எப்பவாவது சொல்லியிருந்தாலோ அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே போங்க.

டாக்டர் அனேகமா எக்ஸ்-ரே எடுப்பார், ரெண்டு கைக்கும் சேத்து எடுக்கச் சொன்னா இது எதுக்கு வீண் செலவுன்னு நினைக்காதீங்க, ஒப்பிட்டுப் பாத்தா தான் தெரியும். 13 வயசுல அந்த எலும்பு முட்டு இன்னும் மெயின் எலும்போட ஒட்டியே இருக்காது, நடுவுல க்ரோத் பிளேட்னு குருத்தெலும்பு இருக்கும். மணிக்கட்டை மடக்குற சதையும், முழங்கையை உள்பக்கம் புடிச்சு வச்சிருக்கிற லிகமென்ட்டும் அந்த முட்டுல தான் மாட்டியிருக்கு. ஒவ்வொரு தடவை வேகமா எறியும்போதும் காயாத சிமெண்ட்ல கயிறு கட்டி இழுக்கிற மாதிரி தான். பெரியவங்களுக்கு அறுந்து போறது லிகமென்ட், சின்னப் பசங்களுக்கு முதல்ல விட்டுக் குடுக்கிறது இந்த க்ரோத் பிளேட். இதுக்கு லிட்டில் லீக் எல்போன்னே பேரு வச்சிருக்காங்க, அவ்ளோ சாதாரணமா வர்ற விஷயம். நல்ல செய்தி என்னன்னா சீக்கிரம் கண்டுபிடிச்சா பெரும்பாலும் ஓய்வுலயே சரியாயிடும், நாலுலேர்ந்து ஆறு வாரம் எறியக்கூடாதுன்னு சொல்வாங்க, சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூட ஆகும். வலியோடயே தள்ளிக்கிட்டுப் போனா ஒரு நாள் அந்த முட்டே பிஞ்சு வந்துடும், அப்ப ஆபரேஷன் பேச்சு வரும். நான் நேர்ல பாக்காம அவனுக்கு இது தான்னு சொல்ல மாட்டேன், ஆனா உங்க லெட்டர்ல இருக்கிறதை வச்சுப் பாத்தா முதல்ல சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சரி, உங்க வீட்டுக்காரர் விஷயம். அவர் பொய் சொல்லல, ஆனா அவர் ஆடினது வேற ஆட்டம். கிரிக்கெட்ல பௌலிங் போடும்போது முழங்கையை 15 டிகிரிக்கு மேல நீட்டி எறியக்கூடாதுன்னு ரூலே இருக்கு, கை கிட்டத்தட்ட நேரா சுத்தி வருது, அதனால பாரம் எல்லாம் இடுப்புக்கு மேல முதுகெலும்புல போய் விழுது, இளம் ஃபாஸ்ட் பௌலர்களுக்கு கீழ் முதுகுல ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் வர்றது அதனால தான். பேஸ்பால்ல முழங்கை மடங்கி, முன்னங்கை பின்னாடி மல்லாந்து படுத்து, அங்கேர்ந்து சாட்டையா வருது. ஸ்லோ மோஷன்ல பாத்தீங்கன்னா தோள் சுத்துறது கிட்டத்தட்ட 180 டிகிரி வரைக்கும் போகும், உள்ளங்கை வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கும், பாக்கவே நமக்கு வலிக்கும். அதோட டென்னிஸ் பால் 60 கிராம் கூட இல்ல, பேஸ்பால் 140 கிராமுக்கு மேல. நாள் முழுக்க போட்டேங்கிற அனுபவத்தை இங்க கொண்டு வர முடியாதுன்னு அவர்கிட்ட பக்குவமா சொல்லுங்க, இல்ல இந்தப் பதிலை அப்படியே ஃபார்வர்டு பண்ணிடுங்க.

அலபாமாவுல பர்மிங்காம்ங்கிற ஊர்ல அமெரிக்கன் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இன்ஸ்டிட்யூட்னு ஒண்ணு இருக்கு, டாக்டர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் ஆரம்பிச்சது, அங்க க்ளென் ஃபிளெய்சிக்னு ஒரு பயோமெக்கானிக்ஸ் ஆள் பிட்ச்சர்களை ஹை ஸ்பீடு கேமரா முன்னாடி எறிய வச்சு அளந்துக்கிட்டே இருந்தார். 1995-ல வந்த அவங்க பேப்பர்ல பெரியவங்களோட முழங்கையில ஒரு பிட்ச்சுக்கு, அதாவது ஒரு தடவை எறியறதுக்கு, 64 நியூட்டன் மீட்டர் கிட்ட முறுக்கு விசை வருதுன்னு இருக்கு. இறந்தவங்க கையிலேர்ந்து எடுத்த லிகமென்ட்டை லேப்ல இழுத்துப் பாத்தா 32 கிட்டயே அறுந்துடுது. அப்படின்னா ஒவ்வொரு ஃபாஸ்ட்பாலுக்கும் அறுந்திருக்கணுமே, ஏன் அறுகல? சுத்தியிருக்கிற சதை மீதி பாரத்தை ஏத்துக்குது. இதை நீங்க புரிஞ்சுக்கிட்டா போதும், மத்த ரிசர்ச் எல்லாம் தானா விளங்கிடும். சதை களைச்சுப் போனா அதோட பங்கையும் லிகமென்ட்டும் எலும்பும் தான் தாங்கியாகணும்.

அதனால தான் இந்தத் துறையில எந்தப் பக்கம் திரும்பினாலும் களைப்புங்கிற வார்த்தை வருது. 2006-ல அதே குரூப் ஒரு ஸ்டடி போட்டாங்க, தோள் இல்ல முழங்கை ஆபரேஷன் ஆன 95 டீனேஜ் பிட்ச்சர்களையும் ஒண்ணும் ஆகாத 45 பேரையும் வச்சு என்ன வித்தியாசம்னு பாத்தாங்க. வருஷத்துல 8 மாசத்துக்கு மேல பிட்ச் பண்ணவங்களுக்கு ஆபரேஷன் வாய்ப்பு 5 மடங்கு, ஒரு மேட்ச்சுக்கு சராசரியா 80 பிட்ச்சுக்கு மேல போட்டவங்களுக்கு 4 மடங்கு, கை களைச்சுப் போனதுக்கு அப்புறமும் வழக்கமா பிட்ச் பண்ணவங்களுக்கு 36 மடங்கு. அந்த 36-ங்கிறதை அப்படியே கல்வெட்டா எடுத்துக்க வேண்டாம், சின்ன குரூப், பழசை ஞாபகப்படுத்திச் சொன்ன பதில்கள், நம்பர் கொஞ்சம் அப்படி இப்படி தான் இருக்கும். ஆனா களைப்பு தான் பட்டியல்ல முதல் ஆளுங்கிறதுல சந்தேகமே இல்ல. 2011-ல இன்னொண்ணு வந்துச்சு, 9 லேர்ந்து 14 வயசு வரைக்கும் இருந்த 481 பசங்களை 10 வருஷம் தொடர்ந்து பாத்தாங்க. வருஷத்துக்கு 100 இன்னிங்ஸ்க்கு மேல (கிரிக்கெட் மாதிரி இல்ல, பேஸ்பால்ல ஒரு மேட்ச்லயே பல இன்னிங்ஸ் வரும்) பிட்ச் பண்ண பசங்களுக்கு பெரிய காயம் வர்ற வாய்ப்பு மூணரை மடங்கு. அதே ஸ்டடியில தான் இன்னொரு ஆறுதலும் இருக்கு, ஆபரேஷன் வரைக்கும் போனவங்க, இல்ல கையால ஆட்டத்தையே விட்டவங்க மொத்தத்துல 5 சதவீதம் தான். அதனால பயந்துபோய் பேஸ்பாலே வேண்டாம்னு பையன் க்ளவுஸை பரண்ல போட்டுடாதீங்க.

இந்த ரிசர்ச்சை எல்லாம் வச்சு 2014-ல எம்எல்பி-யும் (மேஜர் லீக் பேஸ்பால், அமெரிக்காவோட பெரிய லீக்) யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேந்து பிட்ச் ஸ்மார்ட்னு ஒரு கைடுலைன் போட்டாங்க, ஆன்லைன்ல சும்மாவே கிடைக்கும். 13-14 வயசுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 95 பிட்ச். 20 வரைக்கும் போட்டா மறுநாளே போடலாம், 21 லேர்ந்து 35-ன்னா ஒரு நாள் ஓய்வு, 50 வரைக்கும் ரெண்டு நாள், 65 வரைக்கும் மூணு நாள், 66-ஐத் தாண்டிட்டா நாலு நாள். வருஷத்துக்கு 100 இன்னிங்ஸ் தாண்டக்கூடாது, வருஷத்துல நாலு மாசம் எறியவே கூடாது, அதுல ரெண்டு மூணு மாசமாவது தொடர்ச்சியா இருக்கணும்.

இப்ப உங்க பையனோட வாரத்தை இதுல வச்சுப் பாருங்க. சனிக்கிழமை டிராவல் டீம்ல 60 பிட்ச் போட்டான்னு வைங்க, செவ்வாய்க்கிழமை வரைக்கும் மூணு நாள் ஓய்வு இருக்கணும். திங்கட்கிழமை ரெக் லீக் கோச்சுக்கு சனிக்கிழமை என்ன நடந்துச்சுன்னே தெரியாது, அவர் கணக்குல தம்பி ஃப்ரெஷ்ஷா வந்திருக்கான். ரெண்டு கோச்சுமே ரூல் படி தான் நடக்கிறாங்க, ரெண்டு பேருமே நல்லவங்களாகூட இருக்கலாம், ஆனா மொத்தக் கணக்கு யார்கிட்டயும் இல்ல. அதை வச்சுக்க முடியுறது வீட்டுல இருக்கிற நீங்க ரெண்டு பேர் தான். போன்ல ஒரு ஷீட் போடுங்க, தேதி, எந்த டீம், எத்தனை பிட்ச், மறுநாள் காலையில கை எப்படி இருந்துச்சு, இவ்ளோ தான். பிட்ச் எண்றதுக்கு ஒரு கிளிக்கர் வாங்கி வீட்டுக்காரர் கையில குடுங்க, சும்மா உக்காந்து அம்பயரைத் திட்டுற நேரத்துக்கு இது உருப்படியான வேலை.

இன்னொண்ணு, மேட்ச்ல எண்ற பிட்ச் முழுக் கணக்கு இல்ல. ஃப்ளோரிடாவுல ஹைஸ்கூல் பிட்ச்சர்களை வச்சு ஒரு ஸ்டடி பண்ணாங்க, புல்பென்ல (மவுண்ட்ல ஏறுறதுக்கு முன்னாடி எறிஞ்சு பழகுற இடம்; மவுண்ட்னா பிட்ச்சர் நின்னு எறியுற மேடு) போடுறது, ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் முன்னாடி வார்ம்-அப்பா போடுறது எல்லாத்தையும் எண்ணிப் பாத்தா அன்னைக்கு போட்ட மொத்த பிட்ச்ல 42 சதவீதம் எந்தக் கணக்குலயும் வரல. நீங்க 60-ன்னு எழுதுற அன்னைக்கு நிஜத்துல 100 பக்கம் போயிருக்கும். அதுக்கு மேல கேட்ச்சரா வேற நிக்கிறான்ங்கிறீங்க. கேட்ச்சர் ஒவ்வொரு பிட்ச்சுக்கும் பந்தை திருப்பி எறியணும், நடுநடுவுல செகண்ட் பேஸுக்கு முழு பலத்தோட எறியணும். பிட்ச்சரும் கேட்ச்சரும் ஒரே பையன்ங்கிறது இந்த வயசுல ரொம்ப சாதாரணம், டீம்லயே நல்லா எறியுற கை அவனோடதா இருக்கும், அதனால எல்லா வேலையும் அவன் தலையில விழும். கை சரியாகி திரும்பி வந்ததும் முதல்ல நான் நிறுத்தச் சொல்றது இதைத்தான். அவுட்ஃபீல்டோ ஃபர்ஸ்ட் பேஸோ ஆடட்டும். ரெண்டு டீம்ல ஒண்ணு போகணும், எதுன்னு அவனையே முடிவு பண்ணச் சொல்லுங்க.

கர்வ்பால் பத்தி சொன்ன அந்த அப்பா ரொம்ப காலமா எல்லாரும் நம்புறதைத் தான் சொல்லியிருக்கார். லேப்ல அளந்து பாத்தா பசங்களுக்கு கர்வ்பால் போடும்போது முழங்கையில வர்ற விசை ஃபாஸ்ட்பாலை விட குறைச்சலா தான் இருக்கு. நான் மேல சொன்ன 10 வருஷ ஸ்டடியிலயும் 13 வயசுக்கு முன்னாடி கர்வ்பால் ஆரம்பிச்சவங்களுக்கு காயம் கூடுதல்னு நிரூபணம் ஆகல. ஆனா 2002-ல வந்த ஒரு ஸ்டடியில கர்வ்பால் போட்ட பசங்களுக்கு தோள் வலியும் ஸ்லைடர் (வேகமா வந்து பக்கவாட்டுல விலகுற பந்து) போட்டவங்களுக்கு முழங்கை வலியும் கூடுதலா இருந்துச்சு. என்னைக் கேட்டா வலிக்கு குற்றவாளி கர்வ்பால் இல்ல, எண்ணிக்கை தான். இருந்தாலும் 13 வயசுல ஃபாஸ்ட்பாலும் சேஞ்ச்-அப்பும் (ஃபாஸ்ட்பால் மாதிரியே எறிஞ்சு மெதுவா வர்ற பந்து) போதும்னு தான் சொல்வேன், காரணம் கைக்காக மட்டும் இல்ல, கர்வ்பால் நல்லா விழுந்துச்சுன்னா இந்த வயசு பேட்ஸ்மேன் யாரும் அடிக்க மாட்டான், கோச் அந்தப் பையனையே திரும்பத் திரும்ப மவுண்ட்ல ஏத்துவார், எண்ணிக்கை ஏறும். ஸ்லைடர் இப்போதைக்கு பேச்சே வேண்டாம்.

வெயிட் பால் ப்ரோக்ராம். இதுக்கு என் பதில் நேரா வேண்டாம். ஸ்பீடு ஏறாதுன்னு சொல்லல, ஏறும், அது தான் பிரச்சினையே. 2018-ல ஒரு ஸ்டடி வந்துச்சு, 13 லேர்ந்து 18 வயசு வரைக்கும் இருக்கிற, வலி எதுவும் இல்லாத 38 பிட்ச்சர்களை ரெண்டா பிரிச்சு ஒரு பாதிக்கு ஆறு வாரம் வெயிட் பால் குடுத்தாங்க. அவங்க ஸ்பீடு 3.3 சதவீதம் ஏறுச்சு. அதே குரூப்ல 24 சதவீதம் பேருக்கு காயம், எலும்புல ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், லிகமென்ட் பிரச்சினை வரைக்கும். வெயிட் பால் தொடாத குரூப்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. தோள் பின்னாடி போற அளவு ஆறே வாரத்துல 4 டிகிரிக்கு மேல கூடியிருந்துச்சு, அந்தக் கூடுதல் தூரத்துக்கு அங்க இருக்கிற சதை தயாராகல. அதுவும் வலி இல்லாதவங்களை வச்சு செஞ்சது. உங்க பையன் ஏற்கெனவே வலியோட இருக்கான். அந்த இடத்துல பணம் கட்டிட்டீங்கன்னா பேசி திருப்பி வாங்குங்க, குடுக்கலைன்னாலும் போகட்டும், விடுங்க.

பெரிய லீக்லயே இதே கதை தான் ஓடுது. 2008-ல எம்எல்பி ஃபாஸ்ட்பால் சராசரி மணிக்கு 91.3 மைல், 2024-ல 94.2. அந்த வருஷம் டிசம்பர்ல எம்எல்பி-யே ஒரு பெரிய ரிப்போர்ட் போட்டு, ஸ்பீடைத் துரத்துறதும் ஒவ்வொரு பிட்ச்சையும் முழு பலத்தோட போடுறதும் தான் காயத்துக்கு முக்கியக் காரணம்னு எழுதிச்சு, அந்தப் பழக்கம் சின்னப் பசங்க வரைக்கும் இறங்கிடுச்சுன்னும் சேத்து எழுதிச்சு. உங்க வீட்டுல தம்பி குமார் ராக்கர் ரசிகனா இருந்தா ஆச்சரியப்பட மாட்டேன், டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸ் பிட்ச்சர், அம்மா வழியில இந்தியர், நம்ம ஊர் பசங்க நிறைய பேருக்கு அவரைத் தெரியுது. 2021 டிராஃப்ட்ல (டீம்கள் புது ஆட்களை வரிசையா எடுக்கிறது) மெட்ஸ் டீம் அவரை 10-வது ஆளா எடுத்துட்டு மெடிக்கல் ரிப்போர்ட்டைப் பாத்துட்டு கான்ட்ராக்ட் போடாம விட்டாங்க, அடுத்த வருஷம் ரேஞ்சர்ஸ் எடுத்தாங்க, 2023-ல முழங்கை லிகமென்ட்டுக்கு டாமி ஜான் ஆபரேஷன், அதுக்கு அப்புறம் 2024 செப்டம்பர்ல தான் எம்எல்பி-ல முதல் மேட்ச்.

டாமி ஜான்னு சொன்னதும் இதையும் சொல்லிடணும், ஏன்னா பசங்க மத்தியில ஒரு தப்பான பேச்சு ஓடுது. 1974-ல டாட்ஜர்ஸ் பிட்ச்சர் டாமி ஜானுக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் மணிக்கட்டுப் பக்கத்துலேர்ந்து ஒரு தசைநாரை எடுத்து முழங்கையில லிகமென்ட்டுக்கு பதிலா வச்சுத் தச்சார், அவர் ஒரு சீசன் முழுசா உக்காந்துட்டு 1976-ல திரும்பி வந்து 1989 வரைக்கும் ஆடினார், ஆபரேஷனுக்கு அப்புறம் மட்டும் 164 வெற்றி. அருமையான கதை தான். ஆனா அதைக் கேட்டு வளந்த தலைமுறை என்ன நினைக்குதுன்னா ஆபரேஷன் பண்ணிக்கிட்டா கை முன்னை விட பலமாயிடும்னு. 2012-ல வந்த ஒரு சர்வேல ஹைஸ்கூல் பசங்கள்ல 51 சதவீதம் பேர் காயமே இல்லாதவங்களும் ஆட்டம் நல்லா வர்றதுக்காக இந்த ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு டிக் போட்டிருக்காங்க, அப்பா அம்மாக்கள்லயே 37 சதவீதம்! திரும்பி வந்து வேகமா எறியறவங்க எறியறது ஒரு வருஷத்துக்கு மேல ஒழுங்கா பிசியோ பண்ணி கால், இடுப்பு, தோள் எல்லாத்தையும் கட்டினதால, தச்சு வச்ச தசைநாரால இல்ல. அமெரிக்காவுல 2007 லேர்ந்து 2011 வரைக்கும் இன்சூரன்ஸ் ரெக்கார்டு வச்சுப் பாத்தா இந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்கள்ல பாதிக்கு மேல 15 லேர்ந்து 19 வயசு பசங்க. உங்க பையன் அந்த வயசுக்குள்ள நுழையப் போறான்ங்கிறதால தான் இவ்ளோ நீட்டி எழுதுறேன்.

அப்ப ஸ்பீடு எப்படி ஏறும்? 13 வயசு பையனுக்கு பெருசா ஏறப்போறது உயரத்துலயும் எடையிலயும், அது தானா நடக்கும், நாம செய்ய வேண்டியது அது வரைக்கும் கையைக் கெடுக்காம வச்சிருக்கிறது. நாம உதவக்கூடிய இடம் காலும் இடுப்பும். பந்தோட வேகம் தரையிலேர்ந்து தான் ஆரம்பிக்குது, பின் கால் தள்ளி, முன் கால் ஊணி, முட்டி உறுதியா நின்னு, இடுப்பு முதல்ல திரும்பி அதுக்கப்புறம் தோள் திரும்பி கடைசியா தான் கை வருது. முன் கால் தொளதொளன்னு மடங்குற பசங்க, இடுப்பும் தோளும் ஒண்ணா திரும்புற பசங்க விட்ட வேகத்தை எல்லாம் கையால ஈடு கட்டப் பாப்பாங்க. ஸ்க்வாட், லஞ்ச், ஒத்தக் கால்ல பேலன்ஸ், வயிறு முதுகு பயிற்சி, வாரத்துக்கு ரெண்டு மூணு நாள், சொந்த உடம்பு எடையிலயே ஆரம்பிக்கலாம். டாக்டர் தடை சொல்லலைன்னா எறியாத இந்த வாரங்கள்லயே இதைத் தொடங்கிடலாம், அவனுக்கும் சும்மா உக்காந்திருக்கோம்ங்கிற எண்ணம் வராது.

காயம் வராம தடுக்கிற பயிற்சின்னு உருப்படியா சோதிச்சுப் பாத்தது ஜப்பான்ல. அங்க ஸ்கூல் பேஸ்பால்னா ஒரு வெறி, பசங்க எறியுற எண்ணிக்கை பயங்கரம், கோஷியென்ங்கிற ஹைஸ்கூல் டோர்னமென்ட்ல ஒரே பிட்ச்சர் நாள் கணக்கா போடுறதைப் பெருமையா பேசின ஊரு, 2020-ல தான் வாரத்துக்கு 500 பிட்ச்னு ஒரு வரம்பே கொண்டு வந்தாங்க. அங்க பிசியோக்கள் யோகோஹாமா பேஸ்பால்-9-ன்னு ஒரு வார்ம்-அப் செட் பண்ணாங்க, முழங்கை, தோள், முதுகு, இடுப்பு ஸ்ட்ரெச்சும் தோள்பட்டை எலும்பைப் புடிக்கிற சதைக்கும் ஒத்தக் கால் பேலன்ஸுக்குமான பயிற்சியும் சேந்தது. சின்னப் பசங்களை வச்சு ஒரு வருஷம் பாத்ததுல இதைச் செஞ்ச குரூப்ல தோள், முழங்கை காயம் பாதிக்குப் பாதி கிட்ட குறைஞ்சுது, பந்து ஸ்பீடும் குறையல, கூடத்தான் செஞ்சுது. வாரத்துக்கு ஒரு நாளாவது விடாம செய்யணும்ங்கிறது தான் அவங்க வச்ச வரம்பு, அது ஒண்ணும் கஷ்டம் இல்ல. உங்க பிசியோகிட்ட இந்தப் பேரைச் சொல்லுங்க, அவங்களே பையனுக்கு ஏத்த மாதிரி எடுத்துக் குடுப்பாங்க. ஒரே ஒரு எச்சரிக்கை, யூடியூப்ல பாத்துட்டு எறியுற தோளைப் புடிச்சு அமுக்கி ஸ்ட்ரெச் பண்ணாதீங்க. சின்ன வயசுலேர்ந்து எறியுற பசங்களுக்கு மேல்கை எலும்பே கொஞ்சம் முறுக்கி வளரும், அந்தக் கை உள்பக்கம் கம்மியா திரும்புறது பாதி எலும்பால, இறுக்கத்தால மட்டும் இல்ல. எது எலும்பு எது சதைன்னு அளந்து பாத்துட்டு தான் ஸ்ட்ரெச் சொல்லணும்.

ஐஸ் வைக்கலாம், வலி கொஞ்சம் மட்டுப்படும், அவ்ளோ தான், உள்ள எதையும் குணப்படுத்தாது. மேட்ச்சுக்கு முன்னாடி ஐபுப்ரோஃபென் குடுத்து அனுப்புற பழக்கம் சில வீடுகள்ல இருக்கு, அதை மட்டும் செய்யவே செய்யாதீங்க, வலிங்கிற அலாரத்தை அமத்திட்டு எறிய அனுப்புறதா ஆயிடும். தூக்கம்னு சொன்னா யாரும் மதிக்கிறதில்ல, ஆனா 8 மணி நேரத்துக்குக் குறைச்சலா தூங்குற ஸ்கூல் விளையாட்டுப் பசங்களுக்கு காயம் 1.7 மடங்கு கூடுதல்னு ஒரு ஸ்டடி இருக்கு, ராத்திரி 11 மணிக்கு ஹோட்டல்ல படுத்து காலையில 8 மணி மேட்ச்சுக்கு ஓடுற டோர்னமென்ட் வாழ்க்கையில இதையும் கணக்குல எடுத்துக்குங்க.

டெக்ஸாஸ்ல குளிர் பெருசா இல்லாததால வருஷம் முழுக்க ஆட்டம் ஓடும், அது தான் அங்க இருக்கிற பெரிய ஆபத்து. வெயில் ஊர்கள்ல ஹைஸ்கூல் ஆடின எம்எல்பி பிட்ச்சர்களுக்கு டாமி ஜான் ஆபரேஷன் கூடுதலாவும், கெரியர்ல சீக்கிரமாவும் வந்திருக்குன்னு ரிசர்ச் இருக்கு. அதனால நாலு மாச லீவை காலண்டர்ல முன்னாடியே குறிச்சிடுங்க, ஃபால் சீசனை விட்டுடுங்க. அந்த நேரத்துல சாக்கர், பேஸ்கட்பால் எதுவானாலும் ஆடட்டும், அமெரிக்கன் ஃபுட்பால் ஆடினா குவார்ட்டர்பேக் மட்டும் வேண்டாம், அதுவும் எறியுற வேலை தான், லீவு லீவா இருக்காது.

டாக்டர் ஓகே சொன்ன உடனே நேரா மவுண்ட்ல ஏத்திடாதீங்க. 45 அடியில லேசா எறியறதுலேர்ந்து ஆரம்பிச்சு, வலி இல்லாம ரெண்டு தடவை முடிச்சா தான் அடுத்த தூரம், 60, 90-ன்னு போய், கடைசியா தான் மவுண்ட், அதுலயும் முதல்ல பாதி வேகம். வலி வந்தா ஒரு படி பின்னாடி. இதுக்கே பல வாரம் ஆகும். இந்த வயசுல பிட்ச்சிங் தூரமும் மாறும், லிட்டில் லீக்ல 46 அடி, 13 வயசுல பல லீக்ல 54, அப்புறம் பெரியவங்க தூரம் 60 அடி 6 இன்ச். பையன் உயரமாகுற அதே சமயத்துல தூரமும் கூடுது, திரும்பி வர்ற சீசன்ல இந்த மாற்றமும் சேந்து வந்தா இன்னும் நிதானமா ஏத்துங்க.

பையன் அழறான்னு எழுதியிருந்தீங்க. வலியைச் சொன்னா தண்டனை கிடைக்கும்னு அவன் புரிஞ்சு வச்சிருக்கான், அவன் நினைக்கிறது தப்பும் இல்ல, நிறைய டீம்ல அப்படித்தான் நடக்குது. அதனால முடிவை அவன் தலையில வைக்காதீங்க. கோச்சுக்கு நீங்களே மெசேஜ் போடுங்க, "டாக்டர் பாக்குற வரைக்கும் எறியக்கூடாதுன்னு நாங்க முடிவு பண்ணியிருக்கோம், பிராக்டிஸுக்கு வருவான், ஓடுவான், எறிய மாட்டான்"னு. விளக்கம் எல்லாம் வேண்டாம். நல்ல கோச்சா இருந்தா "சரி, பாத்துக்குங்க"ன்னு முடிச்சிடுவார். இடத்தை வேற பையனுக்குக் குடுத்துடுவேன்னு மிரட்டினார்னா ரெண்டு டீம்ல எதை விடுறதுங்கிற கேள்விக்கு பதில் அங்கயே கிடைச்சிடுச்சு.

கடைசியா பேட்டிங். டாக்டர்கிட்ட பேட் புடிக்கலாமான்னு தனியா கேளுங்க, சில பசங்களுக்கு எறியறதுக்கு முன்னாடியே அனுமதி கிடைக்கும், சிலருக்கு அதுவும் கொஞ்ச நாள் தள்ளிப் போகும். கிடைச்சதும் பிராக்டிஸ் பண்ற விதத்தை மாத்துங்க. பெரும்பாலான இடத்துல மெஷினை ஒரே ஸ்பீடுல வச்சு 15 ஃபாஸ்ட்பால், அப்புறம் 15 கர்வ்பால், அப்புறம் 15 சேஞ்ச்-அப்னு வரிசையா அடிக்க விடுவாங்க, பாக்க நல்லா இருக்கும், பையனும் சந்தோஷமா வெளிய வருவான். 1994-ல காலேஜ் பேஸ்பால் ஆளுங்களை வச்சு ஒரு சோதனை பண்ணாங்க, ஒரு குரூப்புக்கு இப்படி வகை வகையா பிரிச்சு, இன்னொரு குரூப்புக்கு அதே 45 பிட்ச், ஆனா அடுத்து எது வரும்னு தெரியாம கலந்து, வாரத்துக்கு ரெண்டு நாள், ஆறு வாரம். பிரிச்சு அடிச்சவங்க 25 சதவீதம் முன்னேறினாங்க, கலந்து அடிச்சவங்க 57 சதவீதம், எக்ஸ்ட்ரா பிராக்டிஸே இல்லாதவங்க 6. கலந்து அடிக்கும்போது பிராக்டிஸ்ல நிறைய மிஸ் ஆகும், பையன் கடுப்பாவான், "நான் மோசமாயிட்டேன்"ம்பான், ரெண்டு வாரம் பொறுத்துக்கச் சொல்லுங்க. பிட்ச் போட்டுக் குடுக்கிற வேலையை உங்க வீட்டுக்காரர்கிட்ட விடுங்க, பௌலிங் போட்டா அவருக்குத் தான் வலியே வராதாமே.